மடியில் ஒரு பிரேக் பூஸ்டர்

இரண்டாயிரத்து எட்டில் மகளைப் பல் மருத்துவம் படிக்கச் சேர்ப்பதற்காக மலேசியாவில் இருக்கும் கிள்ளானிலிருந்து சிதம்பரம் வந்தேன். அண்ணாமலை நகர் விடுதியில் அவளுக்கு வாளி, கொசுவலை, பூட்டு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் குணா மச்சான் ஜீப்போடு நின்றுகொண்டிருந்தார். என் அத்தை மகன். பிச்சாவரம் போகும் வழியில் கிள்ளையில் இறால் குட்டை வைத்திருக்கிறார். விமானம் ஏற இன்னும் நாலைந்து நாள் இருந்தது.

"கிள்ளான்ல இருந்து வந்துட்டு கிள்ளைக்கு வராம போனா எப்படி? ஏறு சரசு, அழுவறத வண்டியில உக்காந்து அழுவு" என்றார்.

துணிக்கூரை போட்ட டீசல் ஜீப். என் மகளைவிட வயதில் மூத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, சேற்றில் இறங்கினால் யானை மாதிரி வரும் என்று மச்சான் பெருமையாகச் சொன்னார். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட வண்டிகளை எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் பார்க்கலாம். அங்கே சேறு சிவப்பு, இங்கே கறுப்பு. மற்றபடி சத்தமும் குலுக்கலும் ஒன்றுதான். அழுகை தானாக நின்றுவிட்டது. குலுங்குகிற வண்டியில் யாராலும் ஒழுங்காக அழ முடியாது.

கீழ வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு ஒரு குறுக்குத் தெருவில் திரும்பினோம். எதிரே ஆட்டோ ஒன்று நடுத்தெருவில் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. மச்சான் இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். ஏன் எழுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு காலையும் பிரேக் மேல் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி மிதித்துக்கொண்டிருந்தார். வண்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை. கடைசி நேரத்தில் இடது பக்கம் ஒடித்தார். வீடு கட்டுவதற்காகத் தெருவோரம் கொட்டியிருந்த மணல்குவியல் மேல் ஜீப் ஏறி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு தக்காளி பையிலிருந்து உருண்டு ஆட்டோ வரைக்கும் போனது.

கையில் கரணையோடு கொத்தனார் ஒருவர் ஓடிவந்தார். "யோவ், அது சலிச்ச மணலுய்யா!"

"அதான் மெத்துன்னு இருந்துச்சு" என்றார் மச்சான். சிரிக்காமல்தான் சொன்னார்.

வண்டியைப் பின்னால் எடுத்து, மணலைக் கூட்டிக் குவித்துக் கொடுத்த பிறகு, "மச்சான், பெடல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கல்லு மாதிரி. ஒரு மாசமா அப்படித்தான். அதான் எந்திரிச்சி நின்னு மிதிக்கிறேன். வண்டி நல்லாத்தான் இருக்கு, முட்டிதான் வலிக்குது."

நானும் என் கணவரும் கிள்ளானில் லாரி உதிரி பாகக் கடை வைத்திருக்கிறோம். கணக்கும் கொள்முதலும் அவர், கவுண்டர் நான். எஞ்சினை அணைக்கச் சொன்னேன். பெடலை நாலைந்து தடவை மிதித்து, அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பூஸ்டர் உயிரோடு இருந்தால் எஞ்சின் பிடித்ததும் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். மிதிக்கிறவரின் கால் பலத்தைப் பல மடங்காக்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. எஞ்சின் பிடித்தது. பெடல் அசையவில்லை. அதற்குப் பதில் டாஷ்போர்டுக்குக் கீழே பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் வந்தது.

"பூஸ்டர் போச்சு மச்சான். உள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கு."

"அத அறுவடைக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

கிள்ளைக்கு முதல் கியரும் இரண்டாம் கியருமாகப் போய்ச் சேர்ந்தோம். மச்சானின் மனைவி செல்வி அக்கா இறால் தொக்கு வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டபோதுதான் கடல் தாண்டி நான் வாங்கித் தின்னும் இறாலெல்லாம் வெறும் ஐஸ் என்று தெரிந்தது. மணல்குவியல் கதையைச் சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீயே சொல்லு சரசு. வெள்ளிக்கிழமை இறால் பிடிக்கிறோம். அமாவாச வந்துட்டா இறால் தோல் உரிச்சிக்கும், மெத்து மெத்துன்னு ஆயிடும், ஏவாரி தொட மாட்டான். அதுக்கு முந்தி பிடிச்சே ஆவணும். ஏவாரியோட லாரி நம்ம கரைக்கு வராது. இந்த ஜீப்புலதான் பெட்டி பெட்டியா ரோட்டுக்குக் கொண்டு போவணும். கரைய வுட்டு ரோட்டுக்கு எறங்குற எறக்கம் இருக்கே, நீ காலையில பாரு. அந்தாண்ட வாய்க்கா. பிரேக் இல்லாம இவுரு எறங்குனா இறாலும் வாய்க்காலுக்குப் போவும், இவுரும் போவாரு."

"டிராக்டர் வாடகைக்குக் கிடைக்காதா?"

"சம்பா உழவு நேரம். ஒண்ணும் வராது" என்றார் மச்சான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "போன வருஷம் குட்டையில நோவு வந்து எல்லாம் போச்சு. இந்தத் தடவ கரை ஏத்திட்டா போதும்" என்றார். அதுவரை பேசிய வேடிக்கை எதுவும் அந்தக் குரலில் இல்லை.

காலையில் எழுந்து அந்த இறக்கத்தைப் போய்ப் பார்த்தேன். மாடிப்படி மாதிரி இருந்தது. கீழே பஞ்சாயத்து ரோடு, அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலில் ஒரு கொக்கு. திரும்பி வந்து, "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். "பசி ஆறிடுச்சு, கவலதான் ஆறல" என்றார் அக்கா, இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வைத்தபடி.

மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் சிதம்பரத்தில் ஒருவன். பெயர் கலியமூர்த்தி. முப்பது வயது இருக்கும். மறுபடியும் முதல் கியரிலேயே ஊர்ந்து அவனிடம் போனதுமே பேனட்டைத் திறந்து நான் சொன்னதையே சொன்னான். அதோடு காரணத்தையும் காட்டினான். பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது பூஸ்டருக்கு முன்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர். அது பின்பக்கமாகக் கசிந்து, பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி ரப்பரை ஊறவைத்துக் கெடுத்திருக்கிறது.

"மாஸ்டருக்கு வாசர் கிட்டு போட்டுடலாம்க்கா. பூஸ்டருதான் பிரச்சின. இப்ப வர்ற பூஸ்டர் இதுல உக்காராது, போல்ட்டு ஓட்டை எல்லாம் வேற. மெட்ராஸ்ல சொல்லி வெச்சா திங்கக்கெழம வரும். கடலூர்ல பழைய இரும்புக் கடையில கெடச்சாலும் கெடைக்கும். ஆனா பழசு, பாத்து எடுக்கணும். எனக்கு இன்னிக்கு ரெண்டு வண்டி கெடக்குது."

"கழட்டிக் குடுங்க தம்பி. நான் போய்ப் பாத்து எடுத்தாறேன்."

அவன் என் புடவையைப் பார்த்தான். மச்சான், "அவ அந்த ஊர்ல இந்தக் கடதான் வெச்சிருக்கா" என்றார். கலியமூர்த்தி உடனே ஸ்பேனரை எடுத்தான்.

இப்படித்தான் நான் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒரு பிரேக் பூஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். துணைக்கு வந்த மச்சானுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கறுப்புப் பெயின்ட் அடித்த இரண்டு சட்டிகளைக் கவிழ்த்து ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சாமான். நடுவில் ஒரு இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தினத்தாளில் சுற்றி மஞ்சள் பையில் போட்டிருந்தேன். தண்டு பையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பக்கத்து இருக்கை அம்மா புவனகிரியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார்.

"என்னாம்மா அது, குக்கரா?"

"இல்லம்மா, ஜீப்புல இருக்குற பிரேக்கு."

"பிரேக்கா! அப்ப ஜீப்பு?"

"ஜீப்பு சிதம்பரத்துல நிக்குது."

"பிரேக்க கழட்டிட்டா எப்படிம்மா நிக்கும்?" என்றார். முன்சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிச் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, பையிலிருந்து வெள்ளரிப்பிஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்த, பஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டு அந்த இடத்திலேயே நின்றது. நின்றிருந்த எல்லோரும் முன்னால் சரிந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, டிரைவரைத் திட்டினார்கள். மச்சான் மட்டும் மேல்கம்பியில் தொங்கியபடி ஏக்கத்தோடு, "என்னா பிரேக்கு பாரு!" என்றார். இறங்கும்போது என் புடவையில் உள்ளங்கை அகலத்துக்குப் பிரேக் ஆயில் ஊறியிருந்தது. அது போகவே இல்லை. இன்றைக்கும் அந்தப் புடவை கடையில் கண்ணாடி துடைக்கிறது.

கடலூர் பழைய பட்டினத்தில் மதியம் சாப்பிட்டோம். பொரித்த கிழங்கான் மீன், மாங்காய் போட்ட மீன் குழம்பு. எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் ஜாஸ்தி, இங்கே புளி. சாப்பிட்டு முடித்ததும் வியர்த்துக் கொட்டியது, ஆனால் மனசு தைரியமாகிவிட்டது.

பழைய இரும்புக் கடைகள் இருக்கும் தெருவை நெருங்கியதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. எங்களிடமும் வண்டிகளை வெட்டி விற்கும் கடைகள் உண்டு. அங்கே எல்லாம் அலமாரியில் அடுக்கி, பெயர் எழுதி இருக்கும். இங்கே கியர்பாக்ஸ் மேல் கதவு, கதவு மேல் ஸ்டியரிங், ஸ்டியரிங் மேல் கோழி. முதல் இரண்டு கடையிலும் இல்லை என்றார்கள். அடுத்த கடைக்காரர் சலீம் பாய் பாதியாக வெட்டிய வேன் ஒன்றின் இருக்கையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் பூஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு கெடக்குது. எது நல்லது, எது நல்லதில்லன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். பாத்து எடுத்துக்குங்க."

பார்த்தால் தெரியாது. உறிஞ்சிப் பார்க்க வேண்டும். மச்சானைப் பின்பக்கத் தண்டை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற ஓஸ் மாட்டும் குழாயை முந்தானையால் துடைத்து, வாய் வைத்து இழுத்தேன். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தால் காற்று வந்துகொண்டே இருக்கும். நன்றாக இருந்தால் நாக்கைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முதல் பூஸ்டரில் காற்றோடு துருவும் வந்தது. அடுத்ததில் பிரேக் ஆயில் வந்தது. அதன் ருசியை எழுத வேண்டாம். பாய் ஒரு கோலி சோடா வாங்கிவரச் செய்து கொப்பளிக்கக் கொடுத்தார். இதற்குள் எதிர்க்கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

கடைசியாக இருந்தது ஏதோ ஓர் அரசாங்க இலாகா ஜீப்பில் இருந்து வந்ததாம். வெளியே அழுக்கு, ஆனால் அடிபடாதது. உறிஞ்சினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். விடவில்லை. வாயை எடுக்காமலே மச்சானைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"என் கடையில இந்த மாதிரி ஊதிப் பாத்து வாங்குனவுங்க யாரும் இல்லம்மா" என்றார் சலீம் பாய்.

"ஊதல பாய், உறிஞ்சுனேன்."

"எதுவோ. கவர்மெண்டு வண்டி பிரேக்கு, ஜாஸ்தி வேல செஞ்சிருக்காது. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

திரும்பும் பஸ்ஸில் என் மடியில் ஒன்று, மச்சான் மடியில் ஒன்று. "நான் பாத்து எடுத்தது மச்சான், கவலப்படாதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அதை ஒரு தடவை குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை கலியமூர்த்தி வேலையை முடித்தான். மாஸ்டர் சிலிண்டருக்குப் புது வாசர், புது வேக்கம் ஓஸ், பிறகு நான் பெடலை மிதிக்க அவன் நாலு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் புகுந்திருந்த காற்றை எடுத்தான். ஸ்டார்ட் செய்ததும் பெடல் காலுக்கடியில் பணிவாக இறங்கியது. பட்டறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். ஒரு கால் போதும், அதிலும் பாதம் போதும். மச்சான் உட்கார்ந்த இடத்திலேயே பிரேக் போட்டு, அது பிடிப்பதைக் கண்டு மறுபடியும் போட்டு, தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும்படி செய்தார்.

"நான் கம்மாபுரம் போறன்ணே. பொண்ணு பாக்க" என்று கலியமூர்த்தி கையைக் கழுவினான். நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினோம்.

ஊரைத் தாண்டியதும் மச்சான் பாட்டுப் பாட ஆரம்பித்தார். சிறிது தூரம் போனதும் நிறுத்தினார்.

"சரசு, வண்டி கொஞ்சம் கனமா இருக்கற மாதிரி இல்ல?"

"காத்து எதிர்க்காத்து மச்சான்."

ஆக்சிலேட்டரை அழுத்தினார். எஞ்சின் உறுமியது, வேகம் கூடவில்லை. கருகின வாசனை வந்தது. யாரோ வயலில் குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன். முன்சக்கரத்திலிருந்து புகை வந்தபோது அதையும் சொல்ல முடியவில்லை. ஒரு பரோட்டாக் கடை வாசலில் ஜீப் தானாகவே நின்றது. யாரும் பிரேக் போடவில்லை. கியரைப் போட்டுத் தள்ளினாலும் நகரவில்லை.

முந்தாநாள் நிற்க மாட்டேன் என்றது, இன்று போக மாட்டேன் என்கிறது. மச்சான் இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கை வைக்கப் போய், சூட்டில் இழுத்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

கலியமூர்த்திக்குப் போன் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். பெண் வீட்டில் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஐஸ் ஏற்றிய லாரி நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டதாக வியாபாரி காலையிலேயே சொல்லியிருந்தார். பழசை நம்பி எடுத்தது நான். கடையில் வாடிக்கையாளரிடம் ஒரு சாமானைக் கொடுத்தால், அது சரியில்லை என்றால் அவர் திரும்பி வருவார், மாற்றிக் கொடுப்பேன். இங்கே மாற்றிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

பேனட்டைத் திறந்து நின்றேன். கடலூரில் எடுத்த பூஸ்டர், எங்கள் பழைய பூஸ்டர். ஒரே அளவு, ஒரே ஓட்டை. கெட்டுப்போன பழையது வண்டியின் பின்னால் கிடந்தது. எடுத்து வந்து பார்த்தேன். அதன் முன்பக்கத்தில், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிற சின்னத் தண்டின் தலையில் ஒரு திருகு இருந்தது. நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதைப் பார்த்ததும் பொறி தட்டியது.

"மச்சான், ஸ்பேனர் இருக்கா?"

சீட்டுக்கடியில் இரண்டு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தன. மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தினேன். சிலிண்டர் ஒரு நூல் முன்னால் வந்ததுமே சக்கரத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மச்சான் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஜீப் வெண்ணெயில் வழுக்குவது போல உருண்டது.

"என்னா பண்ணுன?"

"தண்டு நீளம் மச்சான். அந்த கவர்மெண்டு வண்டிக்கு வெச்ச அளவு. நம்ம சிலிண்டருக்கு அது ஜாஸ்தி. நீங்க கால எடுத்தாலும் அது எடுக்காம அழுத்திக்கிட்டே இருக்கு. பூஸ்டர் நல்ல பூஸ்டருதான்!" கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இனி எவ்வளவு குறைப்பது என்பதுதான் கேள்வி. ரொம்பக் குறைத்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். கொஞ்சமாகக் குறைத்தால் மறுபடியும் கவ்வும். தண்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண் பசையை ஒரு துளி ஒட்டி, பூட்டி, மறுபடி கழற்றி, அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பசைக்கு எங்கே போவது?

பின்னால் டப் டப் என்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் பூசிய மாவு உருண்டைகள் வரிசையாகப் பளபளத்தன.

"அண்ணே, கொஞ்சம் மாவு குடுங்க. எண்ணெ தடவாததா."

"எதுக்கும்மா?"

"பிரேக்குக்கு."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான், "குடுங்கண்ணே, அவ மலேசியா" என்றார், அது எல்லாவற்றுக்கும் விளக்கம் என்பது போல.

மாஸ்டர் எலுமிச்சை அளவுக்கு மாவைப் பிய்த்துக்கொண்டு அடுப்பைவிட்டு இறங்கியே வந்துவிட்டார். அதில் ஒரு துளியைத் தண்டின் தலையில் ஒட்டினேன். சிலிண்டரை வைத்து நட்டை முடுக்கினேன். மறுபடி கழற்றிப் பார்த்தால் மாவு நசுங்கி நடுவில் ஓட்டையே விழுந்திருந்தது.

"முட்டுது" என்றார் மாஸ்டர், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

தண்டின் திருகைக் கொஞ்சம் உள்ளே விட்டேன். புது மாவு. முடுக்கி, கழற்றினேன். இப்போது ஓட்டை இல்லை, வெளிச்சம் தெரியுமளவுக்கு மெல்லிசு.

"வீச்சுப் பரோட்டா" என்றார் மாஸ்டர். "இன்னும் கொஞ்சம் கனம் வேணுமாம்மா?"

"அப்பளம் கனத்துக்கு வரட்டும்ணே."

அவருக்கு எங்கள் வேலை பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் மாவைக் கிள்ளிக் கொடுத்து, கழற்றியதும் தானே எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். பரோட்டாவுக்குக் காத்திருந்தவர்களும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் "முடுக்குங்க, முடுக்குங்க" என்றார். கடைசியில் மாவு ஒரே சீராக, வட்டமாக, அப்பளம் மாதிரி வந்தது. மாஸ்டர் அதைத் தூக்கிக் காட்டி, "பதம்!" என்றார்.

துடைத்து, பூட்டி, ஓட்டிப் பார்த்தோம். மிதித்தால் பிடித்தது, காலை எடுத்தால் விட்டது. சக்கரத்தில் கை வைத்தால் வெறும் வெதுவெதுப்பு. மச்சான் ஜீப்பை விட்டு இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "பசிக்குது" என்றார். உட்கார்ந்து பரோட்டா தின்றோம். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று இருக்கும். பருப்புக் கறியில் தொட்டுத் தின்போம். இது மொறுமொறுவென்று, மேலே சால்னா ஊற்றி. எது உசத்தி என்று மாஸ்டர் கேட்டார். அவர் மாவுக்குக் காசு வாங்க மறுத்திருந்த நேரம் அது. நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது குட்டைக் கரையில் திருவிழா மாதிரி இருந்தது. மதகைத் திறந்து தண்ணீரை வடித்து, வலையை இழுத்தார்கள். இறால்கள் பாப்கார்ன் பொரிவது போலத் துள்ளின. செல்வி அக்கா முழங்கால் சேற்றில் நின்று ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்து, "கெட்டியா இருக்கு சரசு! கல்லாட்டம்!" என்று கத்தினார். அந்த வாரத்தில் கல் என்ற சொல்லை நான் சந்தோஷமாகக் கேட்டது அப்போதுதான்.

மச்சான் ஜீப்பில் பெட்டிகளை ஏற்றி இறக்கத்தில் இறங்கினார். முதல் நடைக்கு நான் கரை மேல் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜீப் சரிவில் மெல்ல மெல்லக் கீழே போய் ரோட்டோரம் அடக்கமாக நின்றது. அக்கா வலையை அப்படியே விட்டுவிட்டுக் கைதட்டினார்.

பாதிப் பெட்டிகளுக்கு மேல் ரோட்டுக்குப் போனபோது கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. வியாபாரியின் ஆள் எடை போட ஆரம்பித்திருந்தார். மச்சான் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. கரையில் பெட்டிகள் வெயிலில்லாவிட்டாலும் சூட்டில் கிடந்தன. மச்சான் கீழேயிருந்து மேலே ஏறி வந்து சாவியை நீட்டினார்.

"நீயே கொண்டா சரசு."

"மழ வருது மச்சான், மண்ணு வழுக்கும்."

"அதனாலதான் உன்னக் கேக்கறேன். பிரேக்கு உன்னுது."

கிள்ளானில் நான் ஓட்டுவது சின்னக் கார், ஆட்டோமேட்டிக். ஜீப்பில் ஏறி, இடது காலால் கிளட்சைத் தேடிக் கண்டுபிடித்தேன். பின்னால் பெட்டிகளில் ஐஸும் இறாலும் சலசலத்தன. நான்கு சக்கர இழுப்பைப் போட்டு, முதல் கியரில் கரை விளிம்புக்குக் கொண்டுவந்தேன். மூக்கு கீழே சாய்ந்தது. கண்ணாடியில் வானம் போய் வாய்க்கால் வந்தது. சரியாக அந்த நேரம் முதல் தூறல் விழுந்தது. மண்ணில் ஒரு பக்கமாக ஜீப் நழுவியது. ஸ்டியரிங்கைத் தளரவிட்டு, பெடலைத் தொட்டேன். தொட்டதும் பிடித்தது. கொஞ்சம் விட்டேன், இறங்கியது. மறுபடி தொட்டேன்.

கீழே லாரிக்குப் பின்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சுமையாள் குனிந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். ஹாரனை அழுத்தினேன், அது எப்போதோ செத்திருந்தது. கத்தினேன், மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. பெடலை முழுசாக அழுத்தினேன். ஜீப் ஒரு குலுக்கலோடு நின்றது. பம்பருக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்திருக்கும்.

அவர் நிமிர்ந்து திரும்பினார். பம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு தன் கூட்டாளியிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, இருவரும் தலையை ஆட்டிக்கொண்டே பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. வியாபாரிகளோடு பழகித் தெலுங்கு கற்றிருந்த மச்சான் தராசை விட்டு ஓடிவந்தார்.

"என்ன சொல்றாரு மச்சான்? திட்டுறாரா?"

"'இந்தக் கிழட்டு வண்டி நம்ம மொதலாளியோட புது வண்டிய வுட நல்லா நிக்குதே'ன்றான்."

எங்கள் தொழிலில் வண்டி நன்றாக ஓடுகிறது என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நன்றாக நிற்கிறது என்று ஒருவர் மெச்சிக் கேட்டது அன்றைக்குத்தான். கரை மேல் இன்னும் நாலு நடைக்குப் பெட்டி இருந்தது. மச்சான் சாவிக்குக் கை நீட்டவில்லை, நானும் கொடுக்கவில்லை. ரிவர்ஸ் போட்டேன்.